கிளிமீன்: பவளப்பாறையைக் கடித்துத் தின்னும் இந்த மீன் அதற்கு நண்பனா, எதிரியா?

கொச்சியில் வேலை பார்த்தவர்களுக்கு இந்த அனுபவம் இருக்கலாம். ஹோட்டல் மெனுவில் 'கிளிமீன் ஃப்ரை' என்று இருக்கும். பச்சையும் நீலமுமாக ஏதோ வரப்போகுதுன்னு ஆர்டர் பண்ணினால், தட்டில் வருவது ரோஸ் நிறத் தோலும் மஞ்சள் கோடும் கொண்ட ஒரு சின்ன மீன். நம்ம ஊர் சங்கரா வகை. கேரளத்தில் அதற்குத்தான் கிளிமீன் என்று பெயர். மணலும் சேறுமான கடலடியில் வாழும் மீன் அது. பவளப்பாறைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

ராமேஸ்வரம், மண்டபம், கீழக்கரை பக்கம் கிளிமீன் என்றால் வேறு. பச்சை, நீலம், ரோஸ், மஞ்சள் எல்லாம் ஒரே உடம்பில் இருக்கும். பெரிய பெரிய செதில்கள். வாயைப் பார்த்தால் பெயருக்கு விளக்கமே தேவையில்லை, அச்சு அசல் கிளியின் அலகு. அந்த அலகால் நாள் முழுக்க பவளப்பாறையைச் சுரண்டியும் கடித்தும் தின்றுகொண்டே இருக்கும். தண்ணீருக்குள் முங்கிப் பார்ப்பவர்களுக்கு அந்த 'கரக் கரக்' சத்தம் மீனைப் பார்ப்பதற்கு முன்பே கேட்டுவிடும்.

பவளப்பாறைகள் உலகம் முழுக்க அழிந்துகொண்டிருக்கும் நேரத்தில், அவற்றைக் கடித்துத் தின்னும் மீனைக் காப்பாற்றணும்னு விஞ்ஞானிகள் சொல்கிறார்கள். அது சரியா? எவ்வளவு தூரம் சரி? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது. ஆனால் அதற்குப் போவதற்கு முன்னால் இந்த மீனையே கொஞ்சம் தெரிந்துகொள்ளணும். ஏன்னா, இது சாதாரண மீன் இல்லை.

கல்லைக் கடிக்கும் பல்

உலகில் சுமார் 100 கிளிமீன் இனங்கள் இருக்கின்றன. வெப்ப மண்டலக் கடல்கள்தான் பெரும்பாலும் இவற்றின் வீடு. வெளியிலிருந்து பார்த்தால் அலகு ஒரே துண்டு மாதிரி தெரியும். உண்மையில் அது சுமார் 1,000 பற்கள், 15 வரிசைகளில் ஒன்றோடொன்று இறுக்கமாக ஒட்டிக்கொண்டது. முன்வரிசை தேய்ந்து உதிர்ந்தால் பின்வரிசை முன்னால் வரும். வாழ்நாள் முழுக்க இது நடக்கும்.

2017-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்களும் மற்றவர்களும் இந்தப் பல்லை எக்ஸ்-ரே கற்றைகளால் ஆராய்ந்தார்கள். பல்லுக்குள் இருந்தது ஃப்ளோரபடைட் என்ற தாது. அதன் நுண்படிகங்கள் கயிறு பின்னியது மாதிரி ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன. ஒரு சதுர அங்குலப் பல் சுமார் 530 டன் அழுத்தத்தைத் தாங்கும் என்று கணக்கிட்டார்கள். யானைக் கணக்கில் சொன்னால் 88 யானைகள். (நம்ம பல்லின் மேல்பூச்சு வேறொரு தாது. ஃப்ளோரைடு டூத்பேஸ்ட் செய்யும் வேலையே அதில் கொஞ்சத்தை ஃப்ளோரபடைட் பக்கம் மாற்றுவதுதான். கிளிமீனுக்கு பேஸ்ட் தேவையில்லை.)

கடிப்பதோடு வேலை முடியவில்லை. தொண்டைக்குள் இன்னொரு ஜோடி தாடை இருக்கிறது. மேலும் கீழும் பல் பதித்த, அம்மியும் குழவியும் மாதிரியான அமைப்பு. கடித்த பாறைத் துண்டு அங்கே மாவாக அரைபடுகிறது. இந்த மீனுக்கு இரைப்பை கிடையாது. அரைத்த மாவு நேராகக் குடலுக்குப் போகும். சத்து உள்ளே நிற்கும். மீதி வெள்ளை மணலாகப் பின்பக்கம் வெளியேறும்.

ஆமாம், மணல். மாலத்தீவு ட்ரிப் போட்டோக்களில் வரும் அந்த வெள்ளைக் கடற்கரை. 2015-ல் வெளியான ஓர் ஆய்வு மாலத்தீவின் வக்காரு என்ற தீவைச் சுற்றிப் புதிதாக உருவாகும் மணல் எங்கிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தது. 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் உருவாக்கியது. அதாவது அந்தத் தீவு இன்றும் கடலுக்கு மேலே நிற்பதற்குத் தேவையான மணலைப் பெரும்பாலும் ஒரு மீன்தான் சப்ளை செய்கிறது.

எவ்வளவு மணல் என்பதில் ஒரு சுவாரஸ்யமான கணக்கு உண்டு. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில் டேவிட் பெல்வுட் என்ற ஆய்வாளர் இரண்டு கிளிமீன் இனங்களை ஒப்பிட்டு 1995-ல் வெளியிட்டார். பெரிய இனத்து மீன் ஒன்று வருஷத்துக்குச் சுமார் 1,000 கிலோ பாறையை அரிக்கிறது. சின்ன இனத்து மீன் ஒன்று சுமார் 24 கிலோ. வகுத்துப் பாருங்க: ஒரு பெரிய மீன் போனால் அந்த வேலைக்கு 40-க்கும் மேற்பட்ட சின்ன மீன்கள் வேணும். தலைக்கணக்கு மட்டும் எடுத்துவிட்டு 'கிளிமீன் எண்ணிக்கை குறையவில்லை' என்று சொல்வது எவ்வளவு ஏமாற்றும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்த 40 என்ற எண்ணை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வரும்.

அப்படியானால் பவளத்தைத்தான் தின்கிறதா?

பெரும்பாலும் இல்லை. இங்கேதான் நிறையப் பேர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள்.

பவளம் என்பது கல் இல்லை, உயிர். ஊசித்தலை அளவிலிருந்து சில மில்லிமீட்டர் வரையுள்ள ஆயிரக்கணக்கான சின்ன விலங்குகள் ஒன்றாகச் சேர்ந்து, தங்களுக்கு அடியில் சுண்ணாம்பால் கூடு கட்டிக்கொண்டே போகும். மேலே மெல்லிய உயிருள்ள தோல், உள்ளே சுண்ணாம்புப் பாறை. அந்தத் தோல் செத்துப்போன இடத்தில் வெறும் பாறை மிஞ்சும். சில நாட்களிலேயே அதன்மேல் பாசி படர ஆரம்பித்துவிடும்.

கிளிமீன் தன் நேரத்தில் பெரும்பகுதியைச் செலவிடுவது இந்தச் செத்த பரப்பில்தான். நியூசிலாந்தின் கெண்டல் கிளெமென்ட்ஸ், ஆஸ்திரேலியாவின் ஹோவர்ட் சோட் உள்ளிட்டோர் 2017-ல் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போனது. இந்த மீன்களுக்கு வேண்டியது பாசிகூட இல்லை. பாசியோடு ஒட்டியும் பாறைக்குள்ளேயே துளைத்துக்கொண்டும் வாழும் நீலப்பச்சை பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்கள்தான் இலக்கு. புரதச்சத்து அங்கேதான் இருக்கிறது. அது பாறைக்குள் இருப்பதால் பாறையோடு சேர்த்துக் கடிக்க வேண்டியிருக்கிறது. எலும்பை உடைத்து மஜ்ஜை உறிஞ்சுகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம்.

இப்படிச் சுரண்டி எடுத்த இடம் சுத்தமாகிறது. கடலில் மிதந்து வரும் பவளக் குஞ்சுகள் ஒட்டிக்கொள்ள அந்த மாதிரி வெறும் பாறை வேண்டும். பாசி அடர்ந்து கிடந்தால் அவற்றுக்கு இடமே கிடைக்காது. கிளிமீன் செய்வது வயலில் களை எடுப்பது போன்ற வேலை.

விதிவிலக்கும் உண்டு. நெற்றி புடைத்த ராட்சதக் கிளிமீன் ஒன்று இருக்கிறது. ஒரு மீட்டருக்கும் மேல் வளரும். இந்தியாவில் அந்தமானிலும் லட்சத்தீவிலும் உண்டு. அது வருஷத்துக்கு 5 டன்னுக்கும் மேல் பாறையை விழுங்குகிறது. அதில் கிட்டத்தட்ட பாதி உயிருள்ள பவளம். ஆக, 'எல்லாக் கிளிமீனும் நல்லது' என்று ஒரே வரியில் முடிக்க முடியாது.

பெண்ணாகப் பிறந்து ஆணாக மாறும்

மன்னார் வளைகுடாவில் அடிக்கடி பிடிபடும் இனத்தின் அறிவியல் பெயர் ஸ்காரஸ் கோபான். 'கோபான்' என்பது செங்கடல் பக்கத்து அரபிப் பெயர். 1775-ல் அச்சான பட்டியலில் அப்படியே ஏறிவிட்டது. கலங்கல் தண்ணீரையும் இது ஓரளவு தாங்கும். கலங்கல் அதிகமுள்ள நம்ம கடலில் இது சகஜமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த மீனின் பெண் மஞ்சள் உடம்பில் நீலப் பட்டைகளோடு இருக்கும். ஆண் நீலமும் பச்சையும், முகத்தில் ரோஸ் கோடுகளுமாக இருக்கும். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம்னு யாரும் நம்ப மாட்டார்கள். பழைய காலத்து ஆய்வாளர்களும் நம்பவில்லை. பல கிளிமீன்களில் ஆணுக்கு ஒரு பெயர், பெண்ணுக்கு ஒரு பெயர், குஞ்சுக்கு இன்னொரு பெயர் என்று வைத்துவிட்டார்கள். அந்தக் குழப்பத்தைத் தீர்க்க இருபதாம் நூற்றாண்டின் பாதிக்கு மேல் ஆனது.

குழப்பத்துக்கு முக்கியக் காரணம், இவற்றில் பெரும்பாலான இனங்கள் பெண்ணாக வாழ்க்கையைத் தொடங்கி, வளர்ந்த பிறகு ஆணாக மாறுகின்றன. ஒரு பகுதியை ஆளும் பெரிய ஆண் செத்தாலோ பிடிபட்டாலோ, அங்கிருக்கும் பெரிய பெண் மீன்களில் ஒன்று சில வாரங்களில் ஆணாகிவிடும். நடத்தை முதலில் மாறும். பிறகு உள்ளுறுப்பும் நிறமும். இதற்கு நடுவில் பெண் நிறத்திலேயே பிறந்து திரியும் சின்ன ஆண்களும் சில இனங்களில் உண்டு. பெரிய ஆணும் பெண்ணும் ஜோடி சேர்ந்து மேலே பாய்ந்து முட்டையிடும் நொடியில் நடுவில் புகுந்து தன் விந்தையும் கலந்துவிட்டு ஓடிவிடும். பெண் நிறத்தில் இருப்பதால் காவல் காக்கும் பெரிய ஆண் கண்டுகொள்ளாது.

கடற்புல் திடல்களில் வாழும் ஒரு கிளிமீன் மட்டும் இந்த மாறாட்டமெல்லாம் வேண்டாம்னு இருக்கிறது. ஆணும் பெண்ணும் கடைசி வரை அப்படியே இருக்கும், நிறமும் மங்கல்தான். ஒளிந்து வாழ்பவனுக்கு பகட்டு எதற்கு?

இன்னொரு இனத்தின் பெயரில் ஆந்திராவின் கதை ஒளிந்திருக்கிறது. ஸ்காரஸ் ரஸ்ஸெலி. கண்ணாடி விரியனின் அறிவியல் பெயரிலும் இதே 'ரஸ்ஸெலி' வரும். இரண்டுமே பேட்ரிக் ரஸ்ஸல் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரின் பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக சோழமண்டலக் கடற்கரையில் வேலை பார்த்தவர். விசாகப்பட்டினத்தில் சேகரித்த 200 மீன்களைப் படங்களோடு 1803-ல் புத்தகமாகப் போட்டார். அங்கே மீனவர்கள் சொன்ன தெலுங்குப் பெயர்களையும் கூடவே எழுதிவைத்தார். பாம்பால் பிரபலமானவர், மீனாலும் நினைவில் இருக்கிறார்.

ராத்திரியில் கொசுவலை

இது கிளிமீன் வாழ்க்கையிலேயே எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி. இருட்டியதும் பல இனங்கள் பாறை இடுக்கில் ஒதுங்கி, வாயிலிருந்து வழவழப்பான திரவத்தை விட்டுத் தங்களைச் சுற்றி ஒரு பை மாதிரி பின்னிக்கொள்ளும். கண்ணாடி போன்ற அந்தப் பைக்குள் காலை வரை தூங்கும்.

மோப்பம் பிடிக்கும் விலாங்குகளிடமிருந்து தப்பிக்க என்றுதான் ரொம்ப நாள் நினைத்தார்கள். 2011-ல் ஆஸ்திரேலியாவில் அலெக்சாண்ட்ரா கிரட்டர் குழுவினர் வேறு ஒன்றைச் சோதித்தார்கள். தூங்கும் மீன்களில் ஒரு பாதியின் பையை மெதுவாக நீக்கிவிட்டு, ரத்தம் உறிஞ்சும் சின்னக் கடல் ஒட்டுண்ணிகளை விட்டார்கள். பை இல்லாத மீன்களில் 94 சதவீதம் கடிபட்டன. பை இருந்தவற்றில் 10 சதவீதம்தான். பகலில் இந்த ஒட்டுண்ணிகளைப் பொறுக்கித் தின்ன வேறு மீன்கள் இருக்கின்றன, ராத்திரியில் அந்த சர்வீஸ் கிடையாது. ஆக அது கொசுவலையேதான். ஒரு நாளைக்குச் செலவாகும் சக்தியில் சுமார் 2.5 சதவீதத்தில் புது வலை தயார்.

நம்ம பக்கத்தில் எங்கே இருக்கிறது?

கடற்கரைக்குப் பக்கத்தில் இருந்தால் கிளிமீன் இருக்கும் என்பதில்லை. திருப்பதி–புத்தூர் ரோட்டில் உள்ள வடமாலபேட்டையை எடுத்துக்கொள்வோம். அங்கிருந்து நேர்கோட்டில் கிழக்கே போனால் சுமார் 80 கி.மீ.யில், புலிகாட் ஏரியைத் தாண்டி வங்கக்கடல் வந்துவிடும். ஆனால் அங்கே மணலும் சேறும்தான். அதற்கு வடக்கே கிருஷ்ணாவும் கோதாவரியும் நன்னீரையும் வண்டலையும் கொட்டுகின்றன. பவளத்துக்கு வெயில் ஊடுருவும் தெளிந்த உப்புநீர் வேண்டும். அதனால்தான் நீண்ட கடற்கரை இருந்தும் ஆந்திராவில் பெரிய பவளத்திட்டுகள் இல்லை. ரஸ்ஸல் மீன் சேகரித்த விசாகப்பட்டினம் மாதிரி கடலடியில் பாறைகள் உள்ள இடம் வேறு கதை.

இந்தியாவில் பெரிய பவளத்திட்டுகள் நான்கு பகுதிகளில்தான்: லட்சத்தீவு, அந்தமான் நிக்கோபார், குஜராத்தின் கட்ச் வளைகுடா, அப்புறம் நம்ம மன்னார் வளைகுடாவும் பாக் விரிகுடாவும். வடமாலபேட்டைக்காரர் ரோடு வழியாகவே போய்ச் சேரக்கூடிய பக்கத்துப் பவளக்கடல் என்றால் சென்னையைத் தாண்டி இன்னும் ஐந்நூறு கி.மீ.க்கு மேல் தெற்கே போய் மண்டபம்தான்.

தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவில் கரையை ஒட்டி 21 தீவுகள். 1986-ல் 560 சதுர கி.மீ. கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. தீவுகளைச் சுற்றியுள்ள பாறைத் திட்டுகளை மீனவர்கள் 'பார்' என்பார்கள். முத்துக் குளித்த காலத்திலிருந்து வரும் சொல். 21 என்பது பழைய கணக்கு. பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் ஏற்கெனவே நீரில் மூழ்கிவிட்டன. சுண்ணாம்புக்காகப் பல பத்தாண்டுகள் படகு படகாகப் பவளத்தை வெட்டி எடுத்ததற்கு இதில் பெரிய பங்கு உண்டு. அலையைத் தடுக்கும் பாறை போனது, பின்னால் இருந்த மணல் தீவு கரைந்தது. 2001-ல் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. இன்று ஒரு துண்டு எடுத்துவந்தாலும் குற்றம்.

மீன் பெருகினால் பவளம் பிழைக்குமா?

இப்போது ஆரம்பக் கேள்விக்கு வரலாம்.

கிளிமீனைக் காப்பாற்று என்ற கோஷம் பெரிதாக எழுந்தது கரீபியன் கடலில். 1983-ல் அங்கே பாசி தின்னும் கடல் முள்ளெலிகள் நோய் தாக்கிக் கூட்டம் கூட்டமாகச் செத்தன. கிளிமீன்களை ஏற்கெனவே அளவுக்கு மீறிப் பிடித்திருந்தார்கள். பாசியைச் சுரண்ட ஆளே இல்லை. 1970-களிலிருந்து கரீபியன் பவளத்தில் பாதிக்கும் மேல் போய்விட்டது என்று 2014-ல் வந்த ஒரு பெரிய அறிக்கை சொன்னது. கிளிமீன் பிடிப்பதை நிறுத்துங்கள் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. பெலீஸ் நாடு அதற்கு முன்பே, 2009-ல், தடை போட்டிருந்தது.

கதை கேட்க நன்றாக இருக்கிறது: மீனை விட்டுவைத்தால் பாசி குறையும், பாசி குறைந்தால் பவளம் மீளும். ஆனால் டேட்டா அவ்வளவு சொல்பேச்சு கேட்கவில்லை. 2019-ல் ஜான் புரூனோவும் இரண்டு சக ஆய்வாளர்களும், மீன்பிடி தடை செய்யப்பட்ட இடங்களில் பவளம் வெப்பத்தையும் புயலையும் நன்றாகத் தாங்கியதா என்று நேரடியாகச் சோதித்த 18 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பாதுகாக்கப்பட்ட இடத்துக்கும் மற்ற இடத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. காரணம் எளிது. தண்ணீர் சூடாகும்போது பவளம் தனக்குள் வாழும் பாசி போன்ற நுண்ணுயிர்களை வெளியேற்றி வெளுத்துப்போகிறது. சாப்பாடு போடுவதே அவைதான். வெப்பம் நீடித்தால் பட்டினியில் சாகும். எத்தனை கிளிமீன் இருந்தாலும் தண்ணீரின் சூடு குறையாது. பெருந்தடைப் பவளத்திட்டு நன்றாகப் பாதுகாக்கப்பட்ட இடம்தான். 2016-ல் ஒரே வெப்ப அலையில் சுமார் 30 சதவீதப் பவளத்தை இழந்தது.

இதைவிட விசித்திரமான ஒரு முடிவு அதே 2019-ல் வந்தது. வெளுத்துச் செத்த பகுதிகளில் கிளிமீன் கூடியிருந்தது! பெருந்தடைத் திட்டிலும் இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலும் மோசமாகப் பாதித்த இடங்களில் கிளிமீன் எண்ணிக்கை 2 முதல் 8 மடங்கு வரை உயர்ந்தது. ஒவ்வொரு மீனும் சுமார் 20 சதவீதம் பெரிதாக வளர்ந்தது. யோசித்தால் புரியும்: பவளம் சாகச் சாக, மேயும் நிலம் விரிகிறது. 'மீன் நிறைய இருக்கு, அப்போ பவளம் நல்லா இருக்கு' என்று நினைத்தால் அது நேர்மாறாகவும் இருக்கலாம். டூரிஸ்ட் வீடியோவில் கலர் கலராக மீன் கூட்டம் நீந்துவதை வைத்து ஒரு பவளத்திட்டின் உடல்நிலையைச் சொல்ல முடியாது. பின்னணியில் உள்ள பாறையைப் பார்க்கணும்.

அதற்காக மீன் வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஆகாது. வெப்ப அலை முடிந்து பவளம் மீண்டும் ஒட்டி வளர வேண்டிய வருடங்களில் சுத்தமான பாறை வேண்டும். அந்த வேலைக்கு இவைதான் ஆள். தீயை அணைக்க உதவாது, வீட்டைத் திரும்பக் கட்ட உதவும்.

மன்னார் வளைகுடாவின் எண்கள்

தூத்துக்குடியில் உள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆராய்ச்சி நிறுவனம் இங்குள்ள பவளங்களைப் பல வருடங்களாக அளந்து வருகிறது. கடலடிப் பரப்பில் உயிருள்ள பவளம் மூடியிருக்கும் அளவு 2005-ல் சுமார் 37 சதவீதம். 2021-ல் 27.3 சதவீதம். நடுவில் அது நேர்கோட்டில் இறங்கவில்லை. வெட்டி எடுப்பது நின்றபின் ஏறியது, 2010 வெப்பத்தில் சரிந்தது, மறுபடி ஏறியது, 2016-ல் ஒரே கோடையில் சுமார் 16 சதவீதப் புள்ளிகள் விழுந்தது, அப்புறம் மெதுவாகக் கொஞ்சம் மீண்டது. இந்த ஏற்ற இறக்கம்தான் முக்கியம். இங்கே பவளம் மீளும் திறனோடுதான் இருக்கிறது. இரண்டு வெப்ப அலைகளுக்கு நடுவில் கிடைக்கும் இடைவெளிதான் குறைகிறது. ஏப்ரல் முதல் ஜூன் வரை கடல் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதெல்லாம் ஆய்வாளர்கள் படகு எடுப்பது அதனால்தான். 2024 ஏப்ரலில் உலக அளவிலான நான்காவது வெளுப்பு அறிவிக்கப்பட்டது.

மண்டபம் பக்கத் தீவுகளில் இன்னொரு தொல்லையும் சேர்ந்தது. வளர்ப்புக்காகக் கொண்டுவந்த கப்பாஃபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, குருசடைத் தீவுப் பவளங்கள் மேல் படர்ந்திருப்பது 2008-ல் பதிவானது. கம்பளம் போர்த்திய மாதிரி மூடிவிடும். கிளிமீன் இதைச் சமாளிக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதன் அலகு சுரண்டுவதற்கானது, தடித்த பாசியை மேய்வதற்கானது இல்லை. அது ஓரா போன்ற மீன்களின் வேலை.

சரி, கிளிமீனின் நிலைமை? ஸ்காரஸ் கோபானை உலக அளவில் 'அச்சுறுத்தல் குறைவு' என்ற பட்டியலில்தான் வைத்திருக்கிறார்கள். வனவிலங்குச் சட்ட அட்டவணையிலும் கிளிமீன் இல்லை. தேசியப் பூங்கா எல்லைக்கு வெளியே பிடிப்பது சட்டப்படி சரி. கீழக்கரைப் பகுதியில் கூடு வைத்துப் பிடிக்கும் பழக்கம் ரொம்பப் பழையது. பாரில் கூட்டை இறக்கிவிட்டு, பிறகு வந்து எடுப்பார்கள். வலையைப் பாறைமேல் இழுப்பதைவிடப் பவளத்துக்கு இது எவ்வளவோ மேல். பிடிபடுவதில் ஒரு பகுதி ஏற்றுமதிக்கும் போகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடை விசைப்படகுகளுக்குத்தான், நாட்டுப்படகில் போய்க் கூடு வைப்பவருக்கு இல்லை. அதில் தப்பும் இல்லை. அவர் பிடிக்கும் அளவும் விசைப்படகு பிடிக்கும் அளவும் ஒன்றல்ல.

பிரச்சினை எத்தனை மீன் என்பதில் இல்லை, எந்த மீன் என்பதில். பெரிய மீனுக்குத்தான் நல்ல விலை. பெரிய மீன் என்றால் பெரும்பாலும் ஆண். கரீபியனில் மீன்பிடி அதிகமான தீவுகளையும் குறைவான தீவுகளையும் ஒப்பிட்ட ஆய்வில், அதிகம் பிடித்த இடங்களில் வண்ண ஆண்களின் பங்கும் மீனின் சராசரி அளவும் குறைந்திருந்தன. ஆண் போனால் அடுத்த பெண் ஆணாகிவிடும்தான். ஆனால் முட்டையிட வேண்டிய ஒரு பெண் அங்கே குறைகிறாள், புது ஆண் பழைய ஆணைவிடச் சின்னவன். இதோடு அந்த 40-ஐ வைத்துப் பாருங்கள். பாறையைச் சுரண்டும் வேலையில் பெரும்பங்கு செய்வதும் பெரிய மீன்தான்.

கேரளம் 2015-ல் சில மீன்களுக்குக் குறைந்தபட்ச அளவு நிர்ணயித்தது. அந்தப் பட்டியலில் கிளிமீனும் உண்டு: 12 செ.மீ.க்குக் குறைவாக இருந்தால் பிடிக்கக் கூடாது. அதற்குப் பிறகு அதன் பிடிப்பு கூடியது என்று மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் சொல்கிறது. நினைவிருக்கட்டும், அது கொச்சி ஹோட்டல் தட்டில் வந்த ரோஸ் நிறக் கிளிமீன். பவளப்பாறைக் கிளிமீனுக்கு விதி வந்தால் அது தலைகீழாகவும் யோசிக்க வேண்டியிருக்கும். சின்னதை விட்டால் மட்டும் போதாது, ரொம்பப் பெரியதையும் விட வேண்டும். கீழும் மேலும் எல்லை வைத்து, நடுத்தர மீனை மட்டும் எடுப்பது. கூட்டில் பிடிக்கும்போது மீன் உயிரோடு மேலே வருவதால், தேவையில்லாததைத் திரும்பக் கடலில் விட வாய்ப்பும் இருக்கிறது. வலையில் அது கஷ்டம்.

தூத்துக்குடி பக்கம் காரியாச்சல்லி என்ற தீவு 1969-லிருந்து 70 சதவீதத்துக்கும் மேல் சுருங்கிவிட்டது. அது முழுக்கப் போய்விடாமல் இருக்க, சுற்றிலும் கடலடியில் கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு எடுத்திருக்கிறது. இதே முறை பக்கத்து வான் தீவில் 2015 முதல் நடந்து, தீவு கரைவதைக் கட்டுப்படுத்தியது. கான்கிரீட் அலையைத் தடுக்கும், மணலைப் பிடித்து வைக்கும். அதன்மேல் பவளம் ஒட்ட வேண்டுமானால் பாசியைச் சுரண்ட யாராவது வேண்டும்.